பசித்த பிள்ளைகளின் பட்டியல் யார் கையில் இருக்கிறது?

பாடசாலைப் பிள்ளைகளின் போசாக்குக்காக நமது ஊர்களில் இன்று நடக்கும் வேலைகள் கொஞ்சமல்ல. பள்ளிவாசல் நிர்வாகங்கள் காலை உணவுக்குப் பொறுப்பெடுக்கின்றன. பழைய மாணவர் சங்கங்கள் முட்டைக்கும் பயறுக்கும் பணம் சேர்க்கின்றன. கட்டாரிலும் டுபாயிலும் தொழில் செய்யும் நம் இளைஞர்கள் மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கி அனுப்புகிறார்கள். அல்லாஹ் அவர்களது ஸதகாவை ஏற்றுக்கொள்வானாக.

இந்த நல்ல வேலையோடு சேர்ந்து இன்னொன்றும் வளர்கிறது. அதுதான் பட்டியல். எந்தப் பிள்ளைக்கு நிறை குறைவு, எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது, எந்த வீட்டில் உழைப்பாளி இல்லை, எந்தத் தாய் மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக இருக்கிறாள் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். முன்பு இது வகுப்பாசிரியரின் அலுமாரிக்குள் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருந்தது. இப்போது கூகுள் ஷீட்டிலும், வட்ஸ்அப் குழுவிலும், தன்னார்வமாக ஒரு தம்பி செய்து கொடுத்த இணையத்தளத்திலும் இருக்கிறது. கொப்பிக்குப் பூட்டு இருந்தது. இணையத்தளத்தின் பூட்டு சரியாகப் பூட்டுகிறதா என்று யாராவது பார்த்திருக்கிறார்களா?

ஆரம்பப் பிரிவில் நீண்ட காலம் கற்பிக்கும் ஆசிரியன் என்ற வகையில், பிள்ளையின் தட்டையும் பிள்ளையின் பெயரையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இணையத்தளப் பாதுகாப்புச் சோதனை என்பது கணினித் துறையினருக்கு மட்டும் உரிய விடயம் என்ற எண்ணம் நம்மிடம் உள்ளது. பள்ளிவாசல் தலைவருக்கும் அதிபருக்கும் விளங்கும் விதத்தில் அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலைமை என்ன?

2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஏறத்தாழ 15 வீதமானோர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாமல் மெலிந்தவர்கள். வயதுக்கேற்ற நிறை இல்லாதவர்கள் ஐந்தில் ஒரு பங்கினர். உயரக் குறைவு நீண்ட காலப் போசாக்கின்மையைக் காட்டும். மெலிவு அண்மைக்காலப் பட்டினியை அல்லது நோயைக் காட்டும். தோட்டப்புறங்களில் உயரக் குறைவு தேசிய அளவை விட மிக அதிகம். நுவரெலியா மாவட்டத்தில் அது 30 வீதத்துக்கும் மேல்.

இது நெருக்கடிக்கு முந்திய கணக்கு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அதே ஆண்டில் சோளத் தட்டுப்பாட்டால் திரிபோஷ உற்பத்தியும் தடைப்பட்டது. கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த சிறு பிள்ளைகளுக்கும் 1970களிலிருந்து கிடைத்து வந்த ஒரு பை, மிகத் தேவையான நேரத்தில் இல்லாமல் போனது. அன்று மூன்று வயதாக இருந்த பிள்ளைகள்தான் பின்னர் நமது ஆரம்ப வகுப்புகளுக்கு வந்தார்கள். முதலாம் வரியில் நின்றாலும் தோளுயரம் குறைந்த பிள்ளைகள், பத்து மணிக்கு மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகள் எல்லோரையும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது.

பாடசாலை உணவுத் திட்டம் 2024 மார்ச்சில் ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவருக்கும் என விரிவுபடுத்தப்பட்டது. அது பெரிய ஆறுதல். ஆனாலும் ஆறாம் தரத்துக்குப் போகும் பிள்ளை, முன்பள்ளிப் பிள்ளை, விடுமுறைக் காலம் என்று பல இடைவெளிகள் இருக்கின்றன. அந்த இடைவெளிகளை நிரப்புவது ஊர்தான்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

பிளேன்டீயும் பிஸ்கட்டும் பசியை அடக்கும். உடலை வளர்க்காது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேயிலை, உணவில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைக்கவும் செய்யும். பாடசாலையில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் நாளில் தேநீரைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான்.

அவித்த பாசிப்பயறு, கடலை, கௌபி, நெத்தலி, முருங்கையிலை, இலைக்கஞ்சி என்பவை நமது கைக்கெட்டிய பொருட்கள். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. பயறோடு தேங்காய்ப்பூவும், பக்கத்தில் ஒரு துண்டு கொய்யாவோ பப்பாசியோ சேர்ந்தால் நல்ல உணவு. பழத்திலுள்ள விற்றமின் சீ, பயறிலும் இலையிலும் உள்ள இரும்புச்சத்தை உடலில் சேர்க்க உதவும்.

ஒரு விடயத்தில் ஊர் தன் எல்லையை அறிந்திருக்க வேண்டும். மிக மெலிந்த பிள்ளைக்கு, அடிக்கடி நோய்வாய்ப்படும் பிள்ளைக்கு, காலை உணவு மட்டும் போதாது. அந்தப் பிள்ளையை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்ப வேண்டும். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்களே.

பட்டியல் எப்படிக் கசிகிறது?

எனக்குத் தெரிந்த ஓர் ஊரில், காலை உணவுத் திட்டத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்ய ஒரு கூகுள் ஷீட் தயாரித்தார்கள். பெயர், வகுப்பு, நிறை, முகவரி, பெற்றோரின் தொழில் என்பவற்றோடு 'குறிப்பு' என்றொரு நிரலும் இருந்தது. 'தகப்பன் விட்டுச் சென்றவர்', 'தகப்பன் போதைக்கு அடிமை' என்றெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தது. நன்கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்டுவதற்காக அதன் லிங்க்கை ஒரு வட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்ற நிலையில் அது இருந்தது. இரண்டே நாட்களில் அது வேறு குழுக்களுக்கும் போய்விட்டது. அடுத்த வாரம் இரண்டு தாய்மார் வந்து, "எங்கட பிள்ளைக்குச் சாப்பாடு தேவையில்ல சேர்" என்று சொல்லிவிட்டார்கள்.

அங்கே எந்தக் கணினி நிபுணனும் எதையும் உடைக்கவில்லை. கதவைத் திறந்து வைத்தது நல்ல மனம் படைத்தவர்கள்தான். ஆனால் நட்டம் யாருக்கு? பசியோடு பாடசாலைக்கு வரும் அந்தப் பிள்ளைகளுக்கு.

சிறிய ஊர்களில் பெயர் மட்டும் போதும், குடும்பத்தின் முழு வரலாறும் தெரிந்துவிடும். நாளைக்கு அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போதும் யாரோ ஒருவரின் தொலைபேசியில் அந்தப் பட்டியல் இருக்கும். நிறை குறைந்த பிள்ளையை வகுப்பில் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவும் அது காரணமாகும்.

இன்னொரு ஆபத்து பணம் சம்பந்தப்பட்டது. நன்கொடை கேட்கும் இணையத்தளத்துக்குள் ஒருவர் புகுந்தால், அவர் பக்கத்தை அழிக்க வேண்டிய அவசியம் இல்லை. வங்கிக் கணக்கு இலக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். பக்கம் வழமை போலவே இருக்கும். பணம் மட்டும் வேறெங்கோ போகும். ஒரு மாதம் கழித்துக் கணக்குப் பார்க்கும்போதுதான் விடயம் தெரியவரும். அதன் பிறகு அந்த ஊரில் யார் கேட்டாலும் ஸதகா கொடுக்க மக்கள் தயங்குவார்கள்.

பாதுகாப்புச் சோதனை என்றால் என்ன?

மாதாந்தக் கிளினிக்கை நினைத்துப் பாருங்கள். பார்வைக்குக் கொழுகொழு என்று இருக்கும் பிள்ளையையும் மிட்வைஃப் தராசில் வைக்கிறார். நிறையைப் புள்ளியிட்டுக் கோடு வரைகிறார். கோடு கீழ்நோக்கித் திரும்பினால், கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்று இருப்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஒரு முறை நிறுத்துவிட்டு நிறுத்திக்கொள்வதில்லை. மாதாமாதம் நிறுக்கிறார்.

இணையத்தளச் சோதனையும் அப்படித்தான். பக்கம் அழகாகத் திறப்பது அது பாதுகாப்பானது என்பதற்கு அத்தாட்சியாகாது. கெட்ட எண்ணத்துடன் வரும் ஒருவன் என்னவெல்லாம் செய்து பார்ப்பானோ, அதை நல்ல எண்ணத்துடன், அனுமதி பெற்று, நாமே முதலில் செய்து பார்ப்பதுதான் சோதனை. அறியப்பட்ட பலவீனங்களை மென்பொருள் மூலம் தேடுவது ஒரு வகை. ஒரு மனிதர் உட்கார்ந்து உள்ளே நுழைய முயன்று பார்ப்பது மற்றொரு வகை. முதலாவது விரைவானது. இரண்டாவது ஆழமானது. இரண்டும் வேண்டும்.

இணையத்தளப் பாதுகாப்புக்காக உலகளவில் இயங்கும் ஓவாஸ்ப் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, அதிகம் காணப்படும் பத்து ஆபத்துகளின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. அதன் 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது, 'யார் எதைப் பார்க்கலாம்' என்ற கட்டுப்பாடு சரியாக இல்லாமைதான். நமது போசாக்குப் பட்டியல்களின் பிரச்சினையும் அதுவே.

எவற்றைச் சோதிக்க வேண்டும்?

1. வெளியாளாக நின்று பாருங்கள். திட்டத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரின் தொலைபேசியில், கடவுச்சொல் எதுவும் கொடுக்காமல், பட்டியலின் லிங்க்கைத் திறந்து பாருங்கள். திறந்தால் உடனே மூட வேண்டும். இதற்குக் கணினி அறிவே தேவையில்லை.

2. இலக்கத்தை மாற்றிப் பாருங்கள். ஒரு பிள்ளையின் பக்கத்தைத் திறக்கும்போது முகவரிப் பட்டையின் இறுதியில் 41 என்று இருந்தால், அதை 42 ஆக மாற்றுங்கள். அனுமதியில்லாத அடுத்த பிள்ளையின் விபரம் வந்தால் தளம் உள்ளே வந்தவரின் அடையாளத்தைக் கேட்கிறதே தவிர, அவருக்கு இதைப் பார்க்க உரிமை உண்டா என்று கேட்கவில்லை. வீட்டுக் கதவில் பூட்டு இருந்தும் அறைகளுக்குக் கதவே இல்லாத நிலை இது.

3. இரண்டு கணக்குகளை வைத்துப் பாருங்கள். மூன்றாம் தர ஆசிரியரின் கணக்கில் நுழைந்தால் ஐந்தாம் தரப் பிள்ளைகள் தெரிகிறார்களா? நன்கொடையாளரின் கணக்கில் நுழைந்தால் பிள்ளைகளின் நிறை தெரிகிறதா? நன்கொடையாளருக்குத் தெரிய வேண்டியது எத்தனை தட்டுகள் கொடுக்கப்பட்டன, எவ்வளவு செலவானது என்பவைதான்.

4. படிவங்களைச் சோதியுங்கள். பெயர் எழுதும் கட்டத்தில் பெயருக்குப் பதிலாகத் தரவுத்தளத்துக்கான கட்டளையை எழுதினால், கவனமில்லாமல் செய்யப்பட்ட தளம் அதைக் கட்டளையாகவே ஏற்று முழுப் பட்டியலையும் கொட்டிவிடும். இது பல ஆண்டுகளாக அறியப்பட்ட பலவீனம். தடுக்கும் முறையும் அறியப்பட்டதே. இதைப் பரிசோதிக்க ஸாப் போன்ற இலவச மென்பொருட்கள் உள்ளன. விடயம் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டிய சோதனை இது.

5. திறப்புகள் யார் யாரிடம் உள்ளன என்று பாருங்கள். நிர்வாகக் கடவுச்சொல் இன்னமும் பாடசாலையின் பெயரோடு 123 என்றுதான் இருக்கிறதா? சென்ற வருட நிர்வாக சபை உறுப்பினர்களின் கணக்குகள் மூடப்பட்டனவா? ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேர் பாவித்தால், தவறு நடக்கும் நாளில் யார் நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

6. புதுப்பித்தலைப் பாருங்கள். வேர்ட்பிரஸ் போன்றவற்றில் செய்த தளங்களில் துணைச் செருகிகள் பழையதாகிக் கிடப்பதே பல ஊடுருவல்களுக்கு வழி. தளத்தின் முகவரி https என்று தொடங்கவும் வேண்டும். அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது.

7. மீட்டெடுத்துப் பாருங்கள். பிரதி எடுத்து வைத்திருக்கிறோம் என்பது போதாது. அந்தப் பிரதியிலிருந்து தளத்தைத் திரும்ப அமைக்க முடிகிறதா என்று ஒரு முறை செய்து பார்க்க வேண்டும். 2023 ஓகஸ்டில் நமது நாட்டின் அரச மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் மென்பொருள் தாக்குதலுக்கு உள்ளானபோது, சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. அந்தக் காலப்பகுதிக்கான தனிப் பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே இது நடந்தால், ஒரு பழைய மாணவர் சங்கத்துக்கு நடக்காதா?

8. வங்கி இலக்கத்தை நாளாந்தம் பாருங்கள். ஒருவர் தினமும் சுபஹுக்குப் பின் தளத்தைத் திறந்து, கணக்கு இலக்கத்தைக் கையிலுள்ள காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

இந்தச் சோதனைகளை உண்மையான பிள்ளைகளின் பெயர்களை வைத்துச் செய்யக் கூடாது. தளத்தின் பிரதி ஒன்றில், கற்பனைப் பெயர்களைப் போட்டுச் செய்ய வேண்டும். கண்டுபிடித்த குறைகளை எழுதி, திருத்தி, மீண்டும் அதே சோதனையைச் செய்து பார்த்தால்தான் வேலை முடியும்.

அனுமதியில்லாமல் தொடக் கூடாது

திறமையுள்ள மாணவர்கள் இதைப் படித்துவிட்டு, ஊரிலுள்ள எல்லாத் தளங்களையும் சோதித்துப் பார்க்க ஆசைப்படலாம். அவர்களுக்கு ஆசிரியனாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றி ஒரு கணினித் தொகுதிக்குள் நுழைவதே குற்றம். எதையும் திருடவில்லை, நல்ல நோக்கத்தில்தான் செய்தேன் என்பது காப்பாற்றாது. 2016 ஓகஸ்டில் அன்றைய ஜனாதிபதியின் இணையத்தளத்துக்குள் நுழைந்து உயர்தரப் பரீட்சைத் திகதியை மாற்றக் கோரிய சம்பவத்தில் கைது செய்யப்பட்டவர்களில் 17 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனும் இருந்தான். அவ்வளவு திறமை, எவ்வளவு நல்ல வழியில் போயிருக்கலாம்!

ஆகவே தளத்தின் உரிமையாளரிடமிருந்து எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். எந்தத் தளம், எந்தத் திகதிகள், எவை சோதிக்கப்படும், கண்டவற்றை யாரிடம் சொல்வது என்பன அதில் இருக்க வேண்டும். பட்டியல் கசிந்தாலோ தளம் தாக்கப்பட்டாலோ இலங்கை கணினி அவசர ஆயத்த அணியை, அதாவது சேர்ட் நிறுவனத்தை, 101 என்ற இலக்கத்தில் நாடலாம்.

பட்டியலை வைத்திருப்பவர்களுக்கும் சட்டம் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவையும் பிள்ளைகள் பற்றிய தரவையும் விசேட வகையில் சேர்த்துள்ளது. அதன் பகுதிகள் கட்டம் கட்டமாகவே நடைமுறைக்கு வர இருந்தன, திகதிகள் பிற்போடவும்பட்டன. ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க இது வரி விடயமல்ல. அமானிதம்.

நோன்புக் கஞ்சி காட்டும் வழி

எல்லாச் சோதனைகளையும் விட வலிமையான பாதுகாப்பு ஒன்று உண்டு. தேவையில்லாததைச் சேர்க்காமல் இருப்பது. இல்லாத பட்டியலை எவராலும் திருட முடியாது.

ரமழானில் நமது பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சுகிறோம். அஸருக்குப் பிறகு பிள்ளைகள் வாளியோடும் சட்டியோடும் வரிசையில் நிற்கிறார்கள். ஹாஜியாரின் பேரனும் நிற்கிறான், கூலித் தொழிலாளியின் மகனும் நிற்கிறான். யாருடைய வீட்டு வருமானத்தையும் யாரும் கேட்பதில்லை. பெயர் எழுதுவதில்லை. ஒரே அகப்பையால் அள்ளி ஊற்றுகிறோம். தேவையுள்ளவனின் வயிறும் நிறைகிறது, முகமும் காக்கப்படுகிறது.

காலை உணவையும் இவ்வாறே வகுப்பு முழுவதற்கும் கொடுக்க முடிந்தால் பட்டியலே தேவைப்படாது. செலவு கூடும் என்பது உண்மைதான். ஐந்து நாளும் முழு வகுப்புக்கும் கொடுக்கப் பணம் போதாவிட்டால், மூன்று நாள் எல்லோருக்கும் கொடுப்பது பற்றி யோசிக்கலாம். தெரிவு செய்துதான் கொடுக்க வேண்டும் என்றால், நிறையும் உயரமும் சுகாதாரப் பணிமனையின் பதிவேட்டிலேயே இருக்கட்டும். வகுப்பாசிரியருக்கும் அதிபருக்கும் மட்டும் பெயர்கள் தெரிந்தால் போதும். நன்கொடையாளருக்கு எண்ணிக்கை போதும்.

சில தகவல்கள் கட்டாயம் வேண்டும். முட்டையோ கச்சானோ இறாலோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளின் பெயர்கள் சமைப்பவருக்கும் பரிமாறுபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் அந்தப் பட்டியலில் தகப்பனின் தொழில் எதற்கு?

பதாகைக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்தி, கையில் உணவுப் பொதியைக் கொடுத்து முகநூலில் போடும் படங்களும் ஒருவகைப் பட்டியல்தான். அங்கே ஊடுருவ எதுவுமில்லை, நாமே வெளியிட்டுவிடுகிறோம். மறைவாகக் கொடுப்பதன் சிறப்பைச் சிறு வயதிலிருந்தே மத்ரஸாவில் கற்றவர்கள் நாம். சமைத்த பானையைப் படம் எடுங்கள், கணக்கறிக்கையைப் போடுங்கள். பிள்ளையின் முகம் வேண்டாம்.

இந்தத் தவணையில் செய்யக்கூடியவை

ஒவ்வொரு ஊரிலும் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மென்பொருள் துறையில் வேலை செய்யும் பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். பணமாகக் கொடுக்க முடியாதவர்கள் வருடத்துக்கு இரண்டு நாட்களைச் சோதனைக்காகக் கொடுக்கலாம். அதுவும் ஸதகாதான். பள்ளிவாசல் நிர்வாக சபையும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் தத்தம் அடுத்த கூட்டத்தில் நான்கு கேள்விகளைக் கேட்கட்டும்: நம்மிடம் என்னென்ன பட்டியல்கள் உள்ளன? ஒவ்வொன்றும் யாருக்குத் தெரிகிறது? கடைசியாக எப்போது சோதித்தோம்? திட்டம் முடிந்த பின் எப்போது அழிப்போம்?

நான்காவது கேள்வியைத்தான் நாம் பொதுவாக மறந்துவிடுகிறோம். வருட இறுதியில் பானைகளைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறோம். அந்த வருடத்துப் பட்டியலையும், அது போய்ச் சேர்ந்த தொலைபேசிகளிலிருந்தும் கணினிகளிலிருந்தும் அன்றே அழித்துவிட வேண்டும்.